டிராக்டருக்குப் பின்னால் ஆறே முக்கால் மணி

2019 பிப்ரவரி மாதத்திலிருந்து ஜெயகரனின் சின்ன டிராக்டருக்குப் பின்னால் எப்போதும் மாலை ஆறே முக்கால் மணியாக இருக்கிறது. முன்பக்கம் காலை பதினொரு மணி வெயில் அடிக்கும். ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் அவருடைய முழங்கைவரை அந்த வெயில் இருக்கும். அவர் முதுகைத் தாண்டியதும், பின் சக்கரங்களின் அச்சிலிருந்து தொடங்கி, இழுத்துவரும் தண்ணீர் டேங்கரை முழுவதும் மூடி, அதற்கப்பால் இன்னும் எட்டடி தூரத்துக்குப் பொழுது சாய்ந்திருக்கும். அளந்து பார்த்தவர்கள் நீளம் இருபத்திரண்டு அடி, அகலம் ஒன்பது அடி என்றார்கள். உயரத்தை யாரும் அளக்கவில்லை. டேங்கரின் மேல்மூடியில் ஏறி நின்ற ஒருவரின் தலைமுடிமீது மட்டும் வெயில் பட்டதாகப் பேச்சு. இரவில் ஆறே முக்கால் என்பது சுற்றியிருக்கும் இருட்டைவிடக் கொஞ்சம் வெளிச்சம் என்பதால் அப்போது அது தொந்தரவாக இல்லை. உண்மையான ஆறே முக்கால் மணிக்கு அது இருப்பதே தெரியாது.

தங்கச் சுரங்க ஊரான கோரமண்டலின் ஜனங்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர்களுடைய அப்பாக்களும் தாத்தாக்களும் நடுப்பகலில் கேஜ் என்கிற சுரங்க லிஃப்டில் ஏறி, இரண்டு நிமிடத்தில் கும்மிருட்டில் இறங்கி, எட்டு மணி நேரம் வேலை பார்த்துவிட்டு மறுபடி வெளிச்சத்துக்கு வந்தவர்கள். பகலும் இருட்டும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது அந்த ஊருக்குப் புதிதல்ல. வண்டி வந்து நின்றால், சுரங்கத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லைனில் உள்ள பெண்கள் குடங்களோடு வெயிலிலிருந்து அந்த மாலைக்குள் போவார்கள், பிடித்துக்கொண்டு மறுபடி வெயிலுக்கு வருவார்கள். தெருக்கோழிகள் மட்டும் ஏமாந்து அடையப் போயின. சுரங்கக் கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டின் ஓரமாக வண்டி போகும்போது, இருட்டினால் தானாக எரியும் புதுவகைத் தெருவிளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்து அணைந்தன. அறிவியல் ஆசிரியர் ஒருவர் கைக்கடிகாரத்தை உள்ளே கொண்டுபோய்ப் பார்த்தார். கடிகாரம் சரியான நேரத்தைத்தான் காட்டியது. வெளிச்சம் மட்டும்தான் ஆறே முக்கால்.

அது பதினெட்டுக் குதிரைசக்தி கொண்ட, ஆள் உயரம்கூட இல்லாத, தோட்ட வேலைக்கென்று செய்யப்பட்ட டிராக்டர். சுரங்கம் மூடிய 2001இல் ஜெயகரனுக்கு வயது முப்பத்தொன்பது. பத்தொன்பது வருடம் அவர் லேம்ப் ரூமில் இருந்தவர். ஒவ்வொரு ஷிப்டுக்கும் இறங்குகிறவர்களின் தொப்பி விளக்கை எரியவிட்டுப் பார்த்து, கையில் கொடுத்து, எண் பொறித்த வில்லையை வாங்கி ஆணியில் மாட்டுவது அவர் வேலை. மங்கலான விளக்கோடு ஒருவரையும் அவர் கீழே அனுப்பியதில்லை என்று கூட வேலை செய்தவர்கள் சொல்வார்கள். சுரங்கம் மூடியதும் கிடைத்த பணத்தில் இரண்டாம் கை டிராக்டரையும் டேங்கரையும் வாங்கி, பங்காருபேட்டை போகும் சாலையில் ஒரு தோட்டத்து ஆழ்குழாய்க் கிணற்றில் தண்ணீர் பிடித்து, குழாயில் பத்து நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வரும் லைன்களுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். அவர் மனைவி குணசுந்தரி தேவாலயத்துப் பாடகர் குழுவில் பாடுகிறவர். பிள்ளைகள் இல்லை.

அந்த பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, ஆறே முக்கால் மணிக்கு, நிரம்பிய டேங்கரோடு ஜெயகரன் ஊருக்குள் திரும்பும் வளைவில் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தபோது, பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்த திலீப் டேங்கரின் மேல் மோதி அங்கேயே இறந்துபோனான். வயது இருபத்தாறு. பெங்களூரில் ஒரு கம்பெனியில் அந்த வாரம் வந்த காலை ஷிப்டை முடித்து, எப்போதும் வரும் ஊர் ரயிலை விட்டு வேறு ரயிலில் பங்காருபேட்டை வந்து, ஸ்டாண்டில் விட்டிருந்த வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துகொண்டிருந்தான். அவன் அம்மா பார்வதம்மா பள்ளிக்கூடத்தில் ஆயா. கணவர் முன்பே போய்விட்டார். இவன் ஒருவன்தான் பிள்ளை. ஜெயகரனின் தண்ணீர் போகும் லைனில்தான் அவர்கள் வீடும் இருந்தது.

மறுநாள் விசாரித்த அதிகாரி ஜெயகரனிடம் கேட்டார், டேங்கரின் பின்விளக்கு எரிந்ததா என்று. எரிந்தது சார் என்று ஜெயகரன் சொன்னார். மோதிய இடத்தில் சாலையில் சிவப்புக் கண்ணாடித் துண்டுகள் கிடந்தன. விளக்கு இருந்தது என்பதற்கு அவையே சாட்சி. எரிந்ததா இல்லையா என்பதற்கு வேறு சாட்சி இல்லை. வேகமாக வந்த மோட்டார் சைக்கிள்காரரின் கவனக்குறைவு என்று எழுதினார்கள். ஜெயகரன் கையெழுத்துப் போட்டார். அதற்கு அடுத்த நாள் காலை எட்டரை மணிக்கு அவர் வண்டியை எடுத்தபோது, பின்னால் பொழுது சாய்ந்திருந்தது.

டேங்கரை மாற்றிப் பார்த்தார். மாலை டேங்கரோடு போகாமல் டிராக்டரோடு இருந்தது. பழைய டேங்கரையே தட்டி நிமிர்த்தி மறுபடி மாட்டினார். வண்டியை விற்றுவிடப் பார்த்தார். வாங்க வந்தவர்கள் சுற்றி வந்து பார்த்து, எஞ்சினைப் புகழ்ந்துவிட்டுப் போனார்கள். போதகர் வந்து ஜெபம் செய்தார். ஜெபம் முடியும்வரை அந்த மங்கலில் கொசுக்கள் மொய்த்தன. பிறகு ஊரும் பழகிவிட்டது, அவரும் பழகிக்கொண்டார். 2020இல் ரயில்கள் நின்றன. பெங்களூருக்குப் போனவர்கள் எல்லாரும் வீட்டில் இருந்தார்கள், தண்ணீர் இரண்டு மடங்கு தேவைப்பட்டது, அந்த மாலை ஒரு நாளைக்கு ஆறு நடை போய்வந்தது. ரயில்கள் மறுபடி ஓடத் தொடங்கின. ஜெயகரனுக்கு அறுபது வயது ஆனது.

பார்வதம்மா மட்டும் அந்த டேங்கரில் தண்ணீர் பிடிக்கவில்லை. வண்டி வருகிற சத்தம் கேட்டால் இரண்டு குடங்களை எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கமாக நடந்து, அரை மைல் தள்ளியிருக்கும் அடிபம்பில் அடித்து எடுத்துவருவார். அவர் யாரையும் திட்டியதில்லை. ஆனால் ரேஷன் கடையிலும் பள்ளிக்கூட வாசலிலும் ஜனங்கள் பேசுவது அவர் காதில் விழுந்துகொண்டே இருந்தது. பையன் வேகமா வந்தான், போன் பாத்துக்கினு வந்தானாம், இந்தக் காலத்துப் பசங்க அப்படித்தான். செத்தவன்மேல் அது ஒட்டிக்கொண்டது. பார்வதம்மா அரிசிப் பையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கேட்காதவர்போல வந்துவிடுவார்.

நான்கரை வருடம் கழித்து, 2023 ஆகஸ்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணி வெயிலில் உதய் என்பவன் ஸ்கூட்டரில் வந்து அந்த மாலைக்குள் நுழைந்தான். உதய் திலீப்போடு ஒரே ரயில் பெட்டியில் மூன்று வருடம் பெங்களூருக்குப் போய்வந்தவன். வெளியே கண் கூசும் வெயில், உள்ளே மங்கல். சாம்பல் நிற டேங்கர் அவன் கண்ணுக்கே தெரியவில்லை. கடைசி நேரத்தில் பிரேக் பிடித்து, சறுக்கி, டேங்கரின் சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தான். முழங்கை சிராய்த்தது, வேறொன்றும் இல்லை. ஜெயகரன் இறங்கி ஓடிவந்தபோது அவன் மண்ணில் உட்கார்ந்தபடியே சொன்னான்:

“அண்ணே, பின்னாடி ஒரு லைட்டாச்சும் போடுங்கண்ணே. இன்னொருத்தன் சாவணுமா?”

ஜெயகரன் அன்றைக்கு மீதி இருந்த இரண்டு நடையையும் நிறுத்திவிட்டார். மறுநாள் டிராக்டரை ஓட்டிக்கொண்டு பங்காருபேட்டையில் மமதாவின் கடைக்குப் போனார்.

மமதா வண்டிகளுக்கு ஒயரிங் வேலை செய்கிறவள். முப்பத்திரண்டு வயது. லாரிக்காரர்கள் முதலில் அவள் அப்பாவைக் கேட்டுக்கொண்டு வந்தார்கள், பிறகு அவளையே கேட்டுக்கொண்டு வந்தார்கள். கன்னடம் வீட்டில், தெலுங்கும் தமிழும் கடையில். டிராக்டரையும் பின்னாலிருந்த மாலையையும் ஒருமுறை சுற்றி வந்து பார்த்துவிட்டு, தலைக்கு மாட்டும் விளக்கை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

“இந்த டைனமோக்கு வயசாயிடுச்சு அங்கிள். ரெண்டு லைட்டுக்கு மேல தாங்காது. முதல்ல அத மாத்தணும்.”

மாற்றினாள். டைனமோவைக் கழற்றிவிட்டு ஆல்டர்னேட்டர் வைத்தாள். எலி கடித்த ஒயர்களை உருவிப் போட்டு, முன்னாலிருந்து பின்னால்வரை புதிதாக இழுத்தாள். மஞ்சள் பாய்ந்த பழைய முன்விளக்குகளுக்குப் பதில் வெள்ளையான எல்.ஈ.டி விளக்குகள். மட்கார்டுகளின்மேல் இண்டிகேட்டர்கள். பழைய வண்டியில் எல்லா விளக்குக்கும் ஒரே ஃபியூஸ். இப்போது ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஃபியூஸ், ஒன்று போனால் இன்னொன்று போகாது. டேங்கரின் பின்னால் இரண்டு பெரிய சிவப்பு விளக்குகளைப் பொருத்தி, பிளக்கைச் செருகி, சுவிட்சைப் போட்டாள். முன்விளக்குகள் எதிர்க் கடையின் ஷட்டரில் எழுதியிருந்த பெயரைப் பட்டப்பகலிலும் வெளுக்க வைத்தன. பின்விளக்குகள் எரியவில்லை.

கழற்றி வெளியே கொண்டுவந்தாள். கையில் எரிந்தது. எரிந்தபடியே பின்சக்கர அச்சைத் தாண்டி உள்ளே கொண்டுபோனாள். அணைந்தது. வெளியே இழுத்தாள், எரிந்தது. மீட்டரை உள்ளே வைத்துப் பார்த்தாள். பன்னிரண்டரை வோல்ட். வேறு விளக்கு மாற்றினாள், அதைவிடப் பெரியது மாற்றினாள், தனி பேட்டரியிலிருந்தே ஒயர் கொடுத்துப் பார்த்தாள். மூன்று திங்கட்கிழமைகள் ஜெயகரன் வண்டியோடு வந்தார். மமதா எரிச்சல்படவில்லை. கரண்ட் போகுது, வெளிச்சம் வரல, அவ்வளவுதான் என்று, பெட்ரோல் வருது, ஸ்டார்ட் ஆகல என்பதுபோலச் சொன்னாள்.

மூன்றாவது திங்கட்கிழமை அவள் டிராக்டரின் கொக்கிக்கு அடியில் மல்லாந்து படுத்து, தான் உருவாமல் விட்ட ஒரு பழைய ஒயரைப் பார்த்தாள். பின்விளக்குக்குப் போக வேண்டிய ஒயர். அதன் முனை கறுப்பு டேப்பால் மூன்று சுற்றுச் சுற்றி, மடித்து, மெல்லிய கயிற்றால் சட்டத்தோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. அவள் வெளியே வந்து உட்கார்ந்து, கையைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

“அங்கிள், இல்லி நோடி” என்று கன்னடத்தில் பார்க்கச் சொல்லிக் கீழே காட்டினாள். “இது அறுந்தது இல்ல. யாரோ கழட்டி, டேப் சுத்தி, நீட்டா கட்டி வெச்சிருக்காங்க. இந்த டேப் மேல அஞ்சு வருஷ மண்ணு இருக்கு. ஆக்சிடெண்ட் அன்னிக்கு லைட் எரிஞ்சுதா?”

அந்தக் கேள்விக்கு ஒரு பதில் எப்போதும் ஜெயகரனின் வாயில் தயாராக இருந்தது. அவர் வாயைத் திறந்தார். மமதா குற்றம் கண்டுபிடிக்கிற முகத்தோடு கேட்கவில்லை. எங்கே பழுது என்று தெரிந்தால் வேலை முடியும் என்கிற முகத்தோடு கேட்டாள். கடைக்கு வெளியே ஜங்ஷனில் ஒரு சரக்கு ரயில் பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டிருந்தது. அதன் கடைசிப் பெட்டியும் போய்முடிந்தது.

“எரியலம்மா” என்றார். “நான்தான் கழட்டினேன். ஆக்சிடெண்டுக்கு மூணு வாரம் முன்னாடி. பின்னாடி ஷார்ட் ஆயி ஆயி ஃபியூஸ் போயிக்கினே இருந்துச்சு. ஃபியூஸ் போனா முன்னாடி லைட்டும் போயிடும். அடுத்த ஞாயித்துக்கெழம வந்து சரி பண்ணலாம்னு நெனச்சேன். அப்புறம் அதுக்கடுத்த ஞாயித்துக்கெழம.”

மமதா, “போலீஸ்ல இன்னா சொன்னீங்க?” என்றாள்.

“எரிஞ்சுதுன்னு.”

அவள் அந்த டேப் சுற்றிய முனையைத் தொடவில்லை. கருவிகளைப் பையில் போட்டாள். “என் வேல முடிஞ்சிருச்சு அங்கிள். மிச்சம் இருக்கறது ஒயரிங் இல்ல” என்று மட்டும் சொன்னாள்.

அன்று பிற்பகல் ஜெயகரன் வீட்டுக்கு வந்து முதலில் குணசுந்தரியிடம் சொன்னார். குணசுந்தரி தையலைப் பிரித்துக்கொண்டிருந்த பாவாடையை மடியில் வைத்தபடி கேட்டார். கேட்டுவிட்டு எழுந்து போய், சமையல்கட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். “அஞ்சு வருஷமா என் பக்கத்துல முட்டி போட்டு ஜெபம் பண்ணீங்களே, இன்னான்னு பண்ணீங்க?” என்று கேட்டார். ஜெயகரன் செருப்பை மாட்டிக்கொண்டு பார்வதம்மா வீட்டுக்கு நடந்தார்.

பார்வதம்மா பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, வாசலில் உட்கார்ந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். இவர் வருவதைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. முன்பு அவரை அண்ணே என்று கூப்பிட்டவர். நான்கரை வருடமாக எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஜெயகரன் நின்றபடியே சொன்னார். விளக்கைக் கழற்றியதை, மூன்று வாரத்தை, அதிகாரி கேட்டதை, தான் சொன்னதை. எந்த இடத்திலும் ‘ஆனால்’ என்று சொல்லவில்லை. பார்வதம்மா கையிலிருந்த செம்பில் மீதித் தண்ணீர் இருந்தது. அது சாய்ந்து படியில் வழிந்து தெருவுக்கு வந்தது.

“அவன் வேகமா வரல?”

“தெரியாதும்மா. வேகமா வந்திருந்தாலும் லைட் இருந்திருந்தா பாத்திருப்பான்.”

பார்வதம்மா அழவில்லை. செம்பை நிமிர்த்தி வைத்து, “நாளிக்கு வண்டிய அந்த வளைவுக்குக் கொண்டாங்க. காலைல. டேங்கரோட” என்றார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஜெயகரன் வளைவில் வண்டியை நிறுத்தினார். பார்வதம்மா பள்ளிக்கூடத்துக்குப் போகும் புடவையோடு வந்தார். மகன் இறந்த இடத்துக்கு அவர் அதற்குமுன் வந்ததில்லை. அந்த வழியாகப் பேருந்தில் போகும்போது மறுபக்கம் பார்த்துக்கொள்வார். வண்டியின் முன்பக்கம் வராமல், சாலையில் வெகுதூரம் பின்னால் போய், மகன் வந்த திசையிலிருந்து தனியாக நடந்து வந்தார். வெயிலிலிருந்து மாலைக்குள் கால் வைத்தார். ஒரு கணம் நின்றார். பிறகு இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக்கொண்டு, குருடர் நடப்பதுபோல ஒவ்வோர் அடியாக வந்தார். புழுதி படிந்த சாம்பல் டேங்கர், அதே சாம்பலில் கரைந்திருந்த சாலை, அதே சாம்பலில் வானம். அவருடைய உள்ளங்கை இரும்பில் பட்டபிறகுதான் டேங்கர் அங்கே இருப்பது அவருக்குத் தெரிந்தது.

அவர் கையை எடுக்கவில்லை. நசுங்கி, பிறகு தட்டி நிமிர்த்தப்பட்ட தகட்டின்மேல் விரல்கள் மேலும் கீழும் போயின. “இவ்ளோதான் தெரிஞ்சுதா உனக்கு” என்று அவர் சொன்னார். ஜெயகரனிடம் சொல்லவில்லை. நான்கரை வருடம் கழித்து முதல்முறையாக அங்கே உட்கார்ந்து, தலையை டேங்கரின் சக்கரத்தில் சாய்த்து, சத்தம் போட்டு அழுதார். முக்கால் மணி நேரம் அழுதார். சாலையில் வந்த வண்டிகளை ஜெயகரன் கையைக் காட்டி ஒதுக்கி அனுப்பிக்கொண்டிருந்தார். அழுது முடித்ததும் பார்வதம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, வெயிலுக்கு வந்து சொன்னார்:

“போலீஸ்ல அப்புறம் சொல்லுங்க. மொதல்ல ஸ்டேஷனுக்கு வாங்க. ரயில்வே ஸ்டேஷனுக்கு. அவனோட போனவங்கதான் அவன இப்படி அப்படின்னு பேசனாங்க. அவங்ககிட்ட சொல்லுங்க.”

அடுத்த நாள் விடிந்தும் விடியாமல், மாரிகுப்பத்திலிருந்து பெங்களூர் ரயில் வருவதற்கு இருபது நிமிடம் முன்பு, கோரமண்டல் நடைமேடையில் நூற்றைம்பது பேர் டிபன் பையோடு நின்றிருந்தார்கள். ஜெயகரன் சிமெண்டு பெஞ்சு ஒன்றின்மேல் ஏறி நின்றார். பார்வதம்மா பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றார். குணசுந்தரி யாரும் கூப்பிடாமலே வந்து, கொஞ்சம் தள்ளி, தலையில் முக்காடு போட்டுக்கொண்டு நின்றார். ஜெயகரன் தாழ்ந்த குரலில் சொன்னார். முன்வரிசையில் இருந்தவர்களுக்கு மட்டும் கேட்டது, அவர்கள் பின்னால் இருந்தவர்களுக்குச் சொன்னார்கள், அப்படியே அது நடைமேடையின் கடைசிவரை போனது. லைட் எரியல. அவருதான் கழட்டினாராம். பொய் சொன்னாராம்.

உதய் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். ஜெயகரனைப் பெஞ்சிலிருந்து இழுத்துக் கீழே தள்ளி, கன்னத்தில் இரண்டு அறை விட்டான். மூக்குக்கண்ணாடி தெறித்துத் தண்டவாளத்தில் விழுந்தது. மூன்றாவது அறைக்குக் கையை ஓங்கியவன் அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டான்.

“அன்னிக்கு ஆறு நாப்பதுக்கு நான் அவனுக்கு போன் பண்ணேன்” என்றான். “எடுக்கல. நான் போன் பண்ணதாலதான் பாக்கெட்ல கைய வுட்டான், அதாலதான் செத்தான்னு... அஞ்சு வருஷம்யா. நானே எல்லாருக்கும் சொன்னேன், அவன் போன் பாத்துக்கினு வந்தான்னு. என்னத்த சொல்லிக்கினு திரிஞ்சேன்னு பாரு.”

பார்வதம்மா குனிந்து அவன் தலையில் கை வைத்தார். பிறகு நிமிர்ந்து, ஜெயகரனைவிடத் தெளிவான குரலில், “எல்லாரும் கேட்டுக்குங்க. எம் புள்ள ஒழுங்காத்தான் வந்தான்” என்றார். ரயில் வந்து நின்றது. பெட்டியில் இடம் பிடிக்க யாரும் ஓடவில்லை. அன்று கோரமண்டலில் இருந்து அந்த ரயில் மூன்று நிமிடம் தாமதமாகப் புறப்பட்டது.

ஜெயகரன் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தார். வழக்கு மறுபடி எடுக்கப்பட்டது. வழக்கறிஞர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். 2024 பிப்ரவரியில் மூன்று மாதம் சிறைத்தண்டனை ஆனது. அந்த மூன்று மாதமும் டிராக்டர் வீட்டுக்குப் பக்கத்துத் தகரக் கொட்டகையில் நின்றது. கொட்டகையின் பின்பாதி ஆறே முக்காலாகவே இருந்தது. வேறு யாரோ வேறு டேங்கரில் லைனுக்குத் தண்ணீர் விட்டார்கள். குணசுந்தரி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சிறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். முதல் இரண்டு முறை அவர்கள் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. மூன்றாவது முறை குணசுந்தரி ஒரு பொட்டலத்தில் சுண்டல் கொண்டுபோனார், உள்ளே விடமாட்டோம் என்றார்கள், வெளியே மரத்தடியில் உட்கார்ந்து தானே சாப்பிட்டுவிட்டு வந்தார். அதை அடுத்த முறை சொன்னபோது இருவரும் சிரித்தார்கள்.

ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மமதா ஸ்கூட்டரில் பையோடு கோரமண்டலுக்கு வந்தாள். ஜெயகரன்தான் கூப்பிட்டிருந்தார். டிராக்டரைக் கொட்டகையிலிருந்து வெளியே எடுத்து, டேங்கரை மாட்டி, சாலையோரம் நிறுத்தியிருந்தார்கள். மமதா பிளக்கைச் செருகி சுவிட்சைப் போட்டாள். இந்த முறையும் பின்விளக்கு எரியவில்லை. ஜெயகரன் தலையை ஆட்டினார். எரிந்துவிடும் என்று அவர் நினைத்திருந்தார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. அப்போது பார்வதம்மா அடிபம்புக்குப் போகிற வழியில் காலிக் குடங்களோடு வந்து, கொஞ்ச தூரத்தில் நின்று பார்த்தார். அவரை யாரும் கூப்பிடவில்லை. குடங்களைக் கீழே வைத்துவிட்டுக் கிட்டே வந்தார்.

“நீங்க எதக் கழட்டினீங்க?” என்று கேட்டார்.

ஜெயகரன் குனிந்து கொக்கிக்கு அடியில் காட்டினார். “இத.”

“அதப் போடுங்க.”

“அது பழசும்மா. ஷார்ட் ஆன ஒயரு. புதுசா இழுத்து வெச்சிருக்கு.”

“புதுசப் பத்தி நான் கேக்கல. அதத்தான் போடுங்க. உங்க கையாலயே.”

ஜெயகரன் மமதாவைப் பார்த்தார். மமதா யோசித்துவிட்டு, “ஷார்ட் எங்கன்னு பாத்துட்டேன், அங்க ஸ்லீவ் போட்டுடறேன். ஃபியூஸும் சின்னதா வெக்கறேன். அப்ப பயம் இல்ல. போடுங்க” என்றாள். அவள் அதைச் செய்து முடித்ததும் ஜெயகரன் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, மல்லாந்து, அந்த மாலைக்குள் புகுந்தார். அறுபத்திரண்டு வயதில் அவருக்கு முதுகு வளையவில்லை. கயிற்றின் முடிச்சை அவிழ்க்க நேரம் ஆனது. அவரே போட்ட முடிச்சுத்தான். டேப் இறுகிப்போய் நகத்துக்கு வராமல் பல்லால் கடித்து உரித்தார். செம்பு பச்சை பிடித்திருந்தது. பேனாக்கத்தியால் சுரண்டினார். வெளியே நின்றவர்களுக்குச் சுரண்டும் சத்தம் மட்டும் கேட்டது. அந்த முனையையும் விளக்குக்குப் போகும் முனையையும் சேர்த்து முறுக்கினார், ஒருமுறை நழுவிவிட்டது, மறுபடி முறுக்கினார்.

டேங்கரின் பின்னால் ஒரு விளக்கு எரிந்தது. அதோடு மற்றதும் எரிந்தது. சிவப்பு, பெரிய வெளிச்சம் ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஆறே முக்கால் மணிக்குள் அது மட்டும்தான் நிறமாக இருந்தது.

பார்வதம்மா விளக்கின் முன்னால் போய் நின்றார். அவர் முகமும் புடவையும் சிவந்தன. பிறகு திரும்பாமல், விளக்கைப் பார்த்தபடியே பின்னால் நடக்கத் தொடங்கினார். மாலையின் விளிம்பைத் தாண்டி வெயிலுக்குள் போனார். “தெரியுது” என்றார். இன்னும் இருபது அடி போனார். “தெரியுது.” சாலையில் யாரும் இல்லை. மமதா அவரைத் தாண்டி ஓடிப்போய், அந்தப் பக்கமிருந்து வருகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டாள். பார்வதம்மா பின்பக்கமாகவே நடந்தார், தேவாலயத்துச் சுவர்வரை, அதையும் தாண்டிப் புளியமரம்வரை. ஒவ்வோர் இடத்திலும் நின்று அதையே சொன்னார். ஒவ்வொரு முறையும் குரலை உயர்த்த வேண்டியிருந்தது. கடைசியாக அவர் நின்ற இடத்திலிருந்து குரல் வரவில்லை. கையை மட்டும் தூக்கிக் காட்டினார். ஜெயகரன் டேங்கருக்குப் பக்கத்தில் வெற்று மார்போடு நின்று, தானும் கையைத் தூக்கினார். பார்வதம்மா அதன்பிறகு திரும்பி, தன் வழியே நடந்துபோனார். குடங்களை எடுக்க அவர் வரவில்லை. சாயங்காலம் குணசுந்தரி அவற்றை அடிபம்பில் நிரப்பி, அவர் வாசலில் வைத்துவிட்டு வந்தார்.

மாலை போகவில்லை. இப்போதும் டிராக்டருக்குப் பின்னால் இருபத்திரண்டு அடிக்கு அது இருக்கிறது, அதற்குள் இரண்டு சிவப்பு விளக்குகள் எரிகின்றன. பங்காருபேட்டை சாலையில் பின்னால் வருகிறவர்கள் தூரத்திலேயே பார்த்து வேகத்தைக் குறைத்து, தங்கள் வண்டியின் விளக்கையும் போட்டுக்கொண்டு, உள்ளே போய், டேங்கரை ஒதுங்கிக் கடந்து, மறுபடி பகலுக்கு வந்ததும் அணைத்துவிட்டுப் போகிறார்கள்.